டிஸ்க் கடைந்தும் நிற்காத முன்பக்க உதறல்

கேள்வி: 1998ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 110 வைத்திருக்கிறேன். மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து அம்பாறைக்கு வேலைக்குப் போய்வரும் கார். 70, 80 வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை பிரேக் டிஸ்க்கை லேத்தில் கடையக் கொடுத்தேன். ஓரிரு மாதம் ஒழுங்காக இருக்கும், பிறகு பழையபடிதான். ஒருவர் புது டிஸ்க் போடச் சொல்கிறார், இன்னொருவர் அலைன்மென்ட் என்கிறார். எதைச் செய்வது?

பதில்: இரண்டுக்கும் இப்போதைக்குக் காசு கொடுக்க வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி, அது உட்காரும் ஹப்பின், அதாவது சக்கரத்தைத் தாங்கிச் சுற்றும் நடுப்பகுதியின், முகத்தைப் பாருங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஓடும் இத்தனை பழைய காரில் அங்கே கறள் படை படையாக ஏறியிருக்கும். கடைந்த டிஸ்க்கை அந்தக் கறளின் மேலேயே திரும்பப் பூட்டியிருந்தால், உதறல் திரும்பி வராமல் இருக்காது.

டிஸ்க் வளைந்துவிட்டது என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மையில் வளைவது அபூர்வம். ஹப் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருக்கும் மெல்லிய கறள் துணுக்கு டிஸ்க்கைச் சற்றுச் சரிக்கும். ஹப்பைவிட டிஸ்க் அகலமானது என்பதால், அந்தச் சரிவு விளிம்புக்குப் போகும்போது ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். பெடலில் கால் வைக்காதபோதும் டிஸ்க்கின் ஓர் இடம் ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் பேட்டை உரசிக்கொண்டே ஓடும். இரண்டு மூவாயிரம் கிலோமீற்றரில் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிந்துபோகும். 80 இல் சக்கரம் செக்கனுக்கு ஏறக்குறைய 12 முறை சுற்றுகிறது. பிரேக் பிடித்தால் அந்த மெலிந்த இடம் அத்தனை முறையும் பெடலையும் ஸ்டியரிங்கையும் தட்டும். கடைந்த கையோடு சுகமாக இருந்து, ஓரிரு மாதத்தில் உதறல் திரும்புவது இதனால்தான்.

டிஸ்க்கைக் கழற்றும் முன் உதறல் பிரேக்கினுடையதுதானா என்று உறுதிப்படுத்துங்கள். பிரேக் தொடாமலே 80க்கு மேல் உதறினால் வீல் பலன்சிங், ரயர் வீக்கம், ரிம் நெளிவு. அக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் என்றால் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜொயின்ட். ஸ்டியரிங் அசையாமல் ஆசனமும் பெடலும் மட்டும் அதிர்ந்தால் பின்பக்க டிரம். அலைன்மென்ட் பிழை காரை ஒரு பக்கம் இழுக்கும், ரயரை ஓரம் தின்னும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் வரும் உதறலுக்கு அது காரணமாகாது.

முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் போல் ஜொயின்ட். இடமும் வலமும் பிடிக்கும்போது ஆடினால் டை ரொட் எண்ட் அல்லது ரக் எண்ட். சக்கரத்தைக் கீழிருந்து தாங்கும் லோவர் ஆர்மின் ரப்பர் புஷ் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். தேய்ந்த புஷ், டிஸ்க்கின் சிறு பிழையைக்கூடப் பெரிதாகக் காட்டும்.

இனி டிஸ்க். பேட்டுகளைப் பிடித்திருக்கும் கலிப்பரைக் கழற்றினால் பிரேக் ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். டிஸ்க் ஹப்போடு ஒட்டிக்கொண்டிருந்தால் சுத்தியலால் அடிக்க வேண்டாம். பெரும்பாலான ஜப்பான் கார்களின் டிஸ்க்கில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் 8 மில்லிமீற்றர் போல்ட் இரண்டை மாறி மாறி முறுக்கினால் தானாகக் கழன்று வரும். ஹப் முகத்தைக் கம்பிப் பிரஷ், பிறகு எமரி கொண்டு உலோகம் மினுங்கும்வரை தேயுங்கள். போல்ட்டுகளின் அடியைச் சுற்றித்தான் கறள் ஒளிந்திருக்கும். நகத்தால் தடவினால் மேடு தட்டும், அது போகும்வரை விடக்கூடாது. டிஸ்க்கின் உள்முகத்துக்கும் இதே வேலைதான்.

பிறகு வீல் நட்களால் டிஸ்க்கை இறுக்கி, விளிம்பிலிருந்து 10 மில்லிமீற்றர் உள்ளே டயல் கேஜ் (டிஸ்க்கின் கோணலை முள்ளால் காட்டும் அளவி) வைத்துச் சுற்றுங்கள். கோணல் 0.05 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. போனால் டிஸ்க்கை அடுத்த போல்ட்டுக்குத் திருப்பிப் போட்டு அளந்து பாருங்கள். நான்கு போல்ட் என்பதால் நான்கு நிலைகள் உண்டு. ஆகக் குறைந்ததை வைத்துக்கொள்ளுங்கள். நான்கிலும் கூடினால், கறள் இல்லாத ஹப் முகத்திலேயே கேஜை வையுங்கள், பிழை ஹப்பிலா டிஸ்க்கிலா என்று தெரிந்துவிடும். டயல் கேஜ் இல்லாத கராஜில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள், கண்ணால் பார்த்துப் பிடிக்கிற அளவு அல்ல இது.

மைக்ரோமீற்றரால் எட்டு இடத்தில் தடிப்பையும் அளக்க வேண்டும். வித்தியாசம் 0.02 மில்லிமீற்றரைத் தாண்டினாலே ஸ்டியரிங்கில் தெரியும். குறைந்தபட்சத் தடிப்பு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். இரண்டு முறை கடைந்த உங்கள் டிஸ்க் அதை எட்டியிருந்தால் மூன்றாவது முறை கடையாமல், இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

கலிப்பர் நகர்ந்து ஓடும் ஸ்லைட் பின் விரலால் தள்ளினால் வழுக்கிப் போகவேண்டும். மாரி வெள்ளத்தில் ஓடிய கார்களில் அது இறுகிப்போய் ஒரு பேட் மட்டும் தேய்ந்து, டிஸ்க் கொதிக்கும். பிரேக்குக்கான சிலிக்கன் கிரீஸ் மட்டும் பூசுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும். புது டிஸ்க்கில் பூசியிருக்கும் எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு, வெறிச்சோடிய ரோட்டில் 60 இலிருந்து 20 வரை பத்து முறை அரை நிமிட இடைவெளியில் பிரேக் பிடித்துப் பழக்குங்கள். அப்போது முழுதாக நிறுத்திப் பெடலை அழுத்திக்கொண்டு நிற்கக்கூடாது, சூட்டில் பேட் டிஸ்க்கில் ஒட்டிக் கறையாகும். மகியங்கனைப் பதினெட்டு வளைவு இறங்கி வந்து காரை நிறுத்தும்போதும் இதே கவனம் வேண்டும்.

கடைசியாக வீல் நட். இந்தக் காருக்கு இறுக்க வேண்டிய அளவு 103 நியூட்டன் மீற்றர்; 40 சென்ரிமீற்றர் ஸ்பானரின் நுனியில் 26 கிலோ பாரம். மரையில் எண்ணெய் பூசாமல், குறுக்குக் குறுக்காக, இரண்டு தடவையில் இறுக்குங்கள். ரயர் கடையில் எயார் கன்னால் ஒரே மூச்சில் இறுக்கினால், சுத்தம் செய்த ஹப்பிலும் டிஸ்க் கோணலாகவே உட்காரும். பஞ்சர் ஒட்டிய ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து நான்கையும் தளர்த்தி, கையால் மறுபடி முறுக்குங்கள்.