சின்னவளின் உயரம் எவ்வளவு? தீம் பார்க் பயணம் பற்றிய கேள்விகளுக்குப் பதில்

குடும்பங்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். விடுமுறை நெருங்கும்போது வருகிற கேள்விகளில் பல சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்கும். டிஸ்னி, யுனிவர்சல் மாதிரி பெரிய தீம் பார்க்குகளுக்கு இவ்வளவு பணம் போட்டுப் போகலாமா, வேண்டாமா? இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பெரியவனுக்கு 7 வயது, சின்னவளுக்கு 3. டிஸ்னி வேர்ல்டு போகலாம் என்று எனக்கு ஆசை. "சின்னவளுக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது, பணம்தான் வீண்" என்கிறார் கணவர். அவர் சொல்வது சரியா?

பாதி சரி. இதே விஷயத்தை ஆராய்ச்சியே செய்து பார்த்திருக்கிறார்கள். நினா ஹாமண்ட், ராபின் ஃபிவுஷ் என்ற உளவியலாளர்கள், டிஸ்னி வேர்ல்டுக்குப் போய் வந்த 48 சிறு குழந்தைகளிடம் பேசி 1991இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். போனபோது பாதிப் பேருக்கு வயது மூன்றைத் தாண்டியிருந்தது, மீதிப் பேருக்கு நான்கைத் தாண்டியிருந்தது. சிலரிடம் ஆறு மாதம் கழித்துக் கேட்டார்கள், சிலரிடம் ஒன்றரை வருடம் கழித்து. எல்லாக் குழந்தைகளுமே நிறையச் சொன்னார்கள், சரியாகவும் சொன்னார்கள். வீட்டில் அந்தப் பயணத்தைப் பற்றி அடிக்கடி பேசிய குழந்தைகளுக்குக் கூடுதலாக நினைவிருந்தது.

ஆனால் வளர்ந்த பிறகு, மூன்று வயதுக்கு முந்தைய நாட்கள் அநேகமாக யார் நினைவிலும் தங்குவதில்லை. உங்கள் மகள் இருப்பது அந்த எல்லைக்கோட்டில். ஒன்றிரண்டு வருடம் ஆசை ஆசையாகப் பேசுவாள். இருபது வயதில் அவளிடம் புகைப்படம்தான் இருக்கும்.

என்னைக் கேட்டால், ஞாபகத்தைவிட உயரத்தைப் பற்றித்தான் கவலைப்படுவேன். டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டமில் செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயினில் ஏற 97 செ.மீ. வேண்டும். டியானாஸ் பேயூ அட்வென்ச்சருக்கு 102, ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112, டிரானுக்கு 122. மூன்று வயதுக் குழந்தை இதில் பெரும்பாலானவற்றில் ஏற முடியாது. பீட்டர் பான், இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு மாதிரி உயரக் கட்டுப்பாடு இல்லாதவை நிறைய உண்டு, அவை அழகானவையும்கூட. ஆனால் உங்கள் பெரியவன் ஏங்கப்போவது அந்த மற்ற ரைடுகளுக்குத்தான்.

என் மகளுக்கு ஐந்து வயதில் ஒரு பார்க்கில் இப்படி நடந்தது. நாற்பது நிமிடம் கியூவில் நின்று வாசலை எட்டினோம். அங்கே பலகையில் ஒரு கரடி கையை நீட்டிக்கொண்டு நிற்கும். தலை அந்தக் கையைத் தொட வேண்டும். முதலில் சாதாரணமாக நின்றாள். பிறகு முதுகை நிமிர்த்தினாள். அப்புறம் மெதுவாகக் குதிகாலைத் தூக்கினாள். ஊழியர் குனிந்து அவள் செருப்பைத்தான் பார்த்தார். தலைக்கும் கரடியின் கைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. அவள் அழவில்லை. வெளியே வரும் வழி முழுக்க என் கையைப் பிடிக்காமல் நடந்தாள். அந்த நாளுக்கு நான் எவ்வளவு செலவு செய்தேன் என்பது மறந்துவிட்டது, அந்த இரண்டு விரல் மறக்கவில்லை. கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே அளந்திருக்கலாம், நான் அளக்கவில்லை.

அதனால் வீட்டுச் சுவரில் பென்சிலால் 102 என்று ஒரு கோடு, 112 என்று ஒரு கோடு போடுங்கள். சின்னவள் முதல் கோட்டைத் தாண்டட்டும், அப்புறம் டிக்கெட் பாருங்கள். அநேகமாக இரண்டு வருடத்தில் தாண்டிவிடுவாள். அப்போது பெரியவனுக்கு 9 வயது. அமெரிக்க டிஸ்னி பார்க்குகளில் 3 முதல் 9 வயது வரைதான் குழந்தைகள் கட்டணம், 10 ஆகிவிட்டால் பெரியவர் டிக்கெட். இருவருக்கும் பொருந்துகிற அந்த ஒரு வருடம்தான் உங்கள் குடும்பத்துக்குச் சரியான வருடம்.

கேள்வி: அப்படியானால் 3 வயதுக்குள் இலவசம் என்கிறார்களே, அதைப் பயன்படுத்திக்கொள்வது லாபம் இல்லையா?

அந்த ஒரு டிக்கெட் மட்டும்தான் இலவசம். பெற்றோர் இருவருக்கும் முழுக் கட்டணம், விமானம், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் அப்படியே இருக்கிறது. பெரிய பிள்ளைக்காகப் போகிறீர்கள், கைக்குழந்தையும் கூட வருகிறது என்றால் அது லாபம். குழந்தைக்காகவே போவது லாபம் இல்லை. டோக்கியோ டிஸ்னியில் 3 வயதுள்ள குழந்தைக்கும் டிக்கெட் கிடையாது, 4இலிருந்துதான் தொடங்குகிறது.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சின்னக் குழந்தை ஏற முடியாத ரைடு வாசலில் ஊழியரிடம் 'ரைடர் ஸ்விட்ச்' என்று கேளுங்கள். ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்கலாம். மற்றவர் இறங்கி வந்ததும், இவர் மறுபடி முழுக் கியூவில் நிற்காமல் ஏறலாம். யுனிவர்சலில் இதற்குச் 'சைல்டு ஸ்வாப்' என்று பெயர். காசு கிடையாது. இது தெரியாமல் அப்பா ஏறட்டும் என்று அம்மா நாள் முழுக்கத் தள்ளுவண்டியோடு வெளியே நிற்கிற குடும்பங்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும்.

கேள்வி: கையில் முழுப் பணம் இல்லை. கிரெடிட் கார்டில் போட்டுவிட்டு மாதா மாதம் கட்டலாமா? பிள்ளைகள் ஒரு முறைதானே சின்னப் பிள்ளைகளாக இருப்பார்கள்?

வேண்டாம். மற்ற எல்லாக் கேள்விக்கும் "உங்கள் வீட்டைப் பொறுத்தது" என்று சொல்வேன், இதற்கு மட்டும் சொல்ல மாட்டேன்.

2010இல் நெதர்லாந்தில் ஜெரோன் நாவைன் குழுவினர் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. விடுமுறைப் பயணம் போகிறவர்கள் மற்றவர்களைவிட அதிக மகிழ்ச்சியாக இருந்தது புறப்படுவதற்கு முன்னால். திரும்பி வந்த பிறகு, மிக நிம்மதியான பயணம் அமைந்தவர்களைத் தவிர மற்றவர்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை. காத்திருக்கும் காலம்தான் பயணத்தின் பாதி இனிப்பு. பணம் சேர்த்துவிட்டுப் போகிறவர் அந்த இனிப்பை ஒரு வருடம் அனுபவிக்கிறார். கடன் வாங்கிப் போகிறவர் அதைத் தவறவிட்டு, வந்த பிறகு ஒரு வருடம் வட்டி கட்டுகிறார்.

பிள்ளைகள் ஒரு முறைதான் சின்னவர்கள் என்பது உண்மை. ஆனால் நீங்கள் போகச் சரியான காலம் ஒரே ஒரு விடுமுறை அல்ல. 6 வயதிலிருந்து 11 வயது வரை தாராளமாக நேரம் இருக்கிறது.

கேள்வி: ஐந்து நாள் டிக்கெட் எடுத்தால் ஒரு நாளுக்கான விலை குறைகிறது. ஐந்து நாளே எடுத்துவிடலாமா?

நாள் கணக்கில் விலை குறைவது நிஜம். மொத்தத் தொகை கூடுவதும் நிஜம். டிக்கெட்டோடு ஹோட்டல் வாடகையும் மூன்று வேளைச் சாப்பாடும் கூடுகின்றன என்பதைக் கணக்கில் சேர்க்காமல்தான் பலர் "மலிவு" என்கிறார்கள்.

முதலில் எந்த இடம் என்று பாருங்கள். ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டு சுமார் 100 சதுர கி.மீ. நிலம். அதற்குள் நான்கு தனித்தனி பார்க்குகள்: 1971இல் மேஜிக் கிங்டம், 1982இல் எப்காட், 1989இல் ஹாலிவுட் ஸ்டூடியோஸ் (அப்போது வேறு பெயர்), 1998இல் அனிமல் கிங்டம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பஸ், மோனோரயில் மாதிரி ஏதாவதொரு வண்டியில் போக வேண்டும். கலிஃபோர்னியா ஆனஹைமில் 1955இல் திறந்த டிஸ்னிலேண்டில் இரண்டு பார்க்குகள் எதிரும் புதிருமாக இருக்கின்றன, நடந்தே மாறலாம். சிங்கப்பூர் யுனிவர்சலுக்கு ஒரு நாள் போதும். எல்லாவற்றையும் "தீம் பார்க்" என்று ஒரே சொல்லில் அடக்கி ஒரே மாதிரித் திட்டம் போடுவதுதான் பணம் கரைகிற முதல் இடம்.

சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு நான் போட்டுத் தருவது பெரும்பாலும் இப்படித்தான்: ஒரு நாள் பார்க், அடுத்த நாள் ஓய்வு, மறுநாள் பார்க். ஓய்வு நாளில் ஹோட்டல் நீச்சல் குளமே போதும். தொடர்ந்து மூன்றாவது நாள் மதியம் மூன்று மணிக்கு ஒரு பார்க்கின் நடுத் தெருவில் நின்று பாருங்கள். ஒரு குழந்தை ஐஸ்கிரீம் கீழே விழுந்ததற்காக அழும், அதன் அப்பா டிக்கெட் விலையைச் சொல்லித் திட்டுவார். அந்த அழுகை ஐஸ்கிரீமுக்காக இல்லை. அதற்குத் தூக்கம் வேண்டும்.

2002இல் பொருளாதார நோபல் பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன் காட்டிய ஒன்று இங்கே உதவும். ஓர் அனுபவத்தை நாம் பிறகு எடைபோடும்போது அதன் உச்சமும் முடிவும்தான் மனதில் நிற்கின்றன, அது எவ்வளவு நேரம் நீண்டது என்பது அதிகம் கணக்கில் வருவதில்லை. அதனால் பிள்ளைகள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே வந்துவிடுங்கள். "காசு கொடுத்தாச்சு, மூடுகிற வரை இருப்போம்" என்பதில் காசும் திரும்பாது, அந்த நாளும் கெடும்.

கேள்வி: கியூவில் முந்திப் போக தனிப் பாஸ் வாங்குவது அவசியமா? முன்பு அது இலவசமாக இருந்ததாகச் சொல்கிறார்களே?

இருந்தது. டிஸ்னி 1999இல் ஃபாஸ்ட்பாஸ் கொண்டுவந்தபோது அதற்குக் கட்டணம் இல்லை. அமெரிக்க பார்க்குகளில் 2021இல் அதை எடுத்துவிட்டு ஜீனி பிளஸ் என்று காசுக்கு விற்றார்கள். 2024இல் அதன் பெயர் லைட்னிங் லேன் மல்டி பாஸ் ஆனது. உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் இன்னும் பின்னால் போனால், 1955இல் டிஸ்னிலேண்டு வாசலில் பெரியவருக்கு ஒரு டாலர்தான், உள்ளே ஒவ்வொரு ரைடுக்கும் தனிச் சீட்டு. ரைடுக்குத் தனிச் சீட்டு என்பது 1982 வரை நடந்தது. ஒரே டிக்கெட்டில் எல்லாம் அடங்கியிருந்த காலம் நடுவில் வந்துபோனது.

வாங்கலாமா? பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் வாங்குங்கள். அங்கே நீங்கள் வாங்குவது நேரம். கூட்டம் குறைந்த வாரத்தில், இரண்டு நாள் கையில் இருந்தால் வேண்டாம். வாசல் திறப்பதற்கு அரை மணி முன்பே போய் நில்லுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் ஏறக்கூடிய பெரிய ரைடுகளுக்கு மதியம் பல மடங்கு காத்திருக்க வேண்டியிருக்கும். வளர்ந்த பிள்ளைகள் என்றால் 'சிங்கிள் ரைடர்' வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்து உட்கார முடியாது, ஆனால் சீக்கிரம் ஏறலாம்.

கேள்வி: பார்க்கின் சொந்த ஹோட்டலா, வெளி ஹோட்டலா?

மதியம் குழந்தையைத் தூங்க வைக்க அறைக்குத் திரும்புவீர்கள் என்றால் பக்கத்தில் உள்ளது. காலையில் போய் இரவுதான் திரும்புவீர்கள் என்றால் வெளியே, மலிவாக. ஆர்லாண்டோ யுனிவர்சலில் மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே உயர் வகை ஹோட்டல்கள் மூன்றில், கியூவில் முந்திப் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ் அறையோடு சேர்ந்தே வருகிறது (2025இல் திறந்த எபிக் யுனிவர்ஸ் என்ற புது பார்க்குக்குச் செல்லாது). நான்கு பேருக்குத் தனியாக அந்தப் பாஸ் வாங்குவதைவிட அறை மலிவாக முடிந்த குடும்பங்கள் உண்டு.

கேள்வி: மகனுக்கு ஆட்டிசம், வயது 8. சத்தமும் நெரிசலும் ஆகாது. ஆனால் மிக்கியைப் பார்க்க வேண்டும் என்று தினமும் கேட்கிறான். போவது தவறா?

தவறே இல்லை. அவன் கேட்கிறான் என்பதே பெரிய விஷயம்.

அமெரிக்க டிஸ்னி பார்க்குகளில் 'டி.ஏ.எஸ்.' (டிஸெபிலிட்டி ஆக்சஸ் சர்வீஸ்) என்ற ஏற்பாடு, நீண்ட கியூவில் நிற்க முடியாத, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்காகவே இருக்கிறது. கட்டணம் இல்லை. ரைடுக்கு ஒரு நேரம் குறித்துத் தருவார்கள், அதுவரை வேறெங்காவது அமைதியாக இருக்கலாம். 2024இல் விதிகளைக் கடுமையாக்கினார்கள், அதனால் பயணத்துக்கு முன்பே வீடியோ அழைப்பில் பேசிப் பதிவு செய்துவிடுங்கள். 2018இல் பென்சில்வேனியாவின் செசமி பிளேஸ், ஆட்டிசம் பயிற்சிக்கான சான்று பெற்ற முதல் தீம் பார்க் ஆனது. அங்கே ஒவ்வொரு ரைடிலும் சத்தம், வெளிச்சம், தொடுதல் எவ்வளவு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

காதுக்கு ஹெட்போன் எடுத்துப் போங்கள். வாணவேடிக்கைக்கு முன் கிளம்பிவிடுங்கள். ஒரு நாள் டிக்கெட் மட்டும் எடுங்கள். அவன் மிக்கியைப் பார்த்துவிட்டு இரண்டு மணி நேரத்தில் "போகலாம்" என்றால், போய்விடுங்கள். அவன் கேட்டது நடந்துவிட்டது.

கேள்வி: 15 வயது மகள் வர மறுக்கிறாள்.

அவள் இல்லாமல் திட்டம் போடாதீர்கள், அவளையே திட்டம் போடச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் அந்தப் பணத்தில் அவள் விரும்பும் வேறு ஊருக்குப் போங்கள்.

கேள்வி: எங்கள் வருமானத்துக்கு இது எட்டவே எட்டாது. ஆனால் மகளின் வகுப்பில் பலர் போய் வந்துவிட்டார்கள். "நாம எப்பம்மா போவோம்?" என்கிறாள். என்ன சொல்வது, மேடம்?

இதை இரண்டு முறை படித்தேன். உங்கள் மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். "அதற்கு நிறையப் பணம் வேண்டும், இப்போது நம்மிடம் இல்லை" என்பது எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும். "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டே போவதுதான் வலிக்கும்.

வால்ட் டிஸ்னிக்கு அந்த பார்க் யோசனை எங்கே வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். லாஸ் ஏஞ்சலிஸ் கிரிஃபித் பார்க்கில் தன் மகள்கள் இருவரும் குதிரை ராட்டினத்தில் சுற்ற, அவர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே விளையாடுகிற மாதிரி ஓர் இடம் வேண்டும் என்று அங்கேதான் தோன்றியதாம். அந்தப் பெஞ்சிலிருந்து நீங்கள் எழுந்து வந்துவிட்டால் போதும். பக்கத்தில் உள்ள சின்னப் பூங்காவோ கண்காட்சி ராட்டினமோ எதுவானாலும், அவள் ஏறும் ஒவ்வொன்றிலும் நீங்களும் ஏறுங்கள். போன் பைக்குள் இருக்கட்டும். அன்றைக்கு எங்கே முதலில், எதில் இரண்டு முறை, எப்போது வீடு என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

ஒரு மாதம் கழித்து வருகிற ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். காலண்டரில் அந்தத் தேதியை இன்றைக்கே அவள் கையால் வட்டமிடச் சொல்லுங்கள்.