காலையில் ஆபரேஷன், மாலையில் வீடு: அப்பாவுக்குச் சரிவருமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, ஹெர்னியா. சுகர், பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை எடுக்கிறார். வேலூரில் ஒரு மருத்துவமனையில், காலையில் வந்தால் சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடலாம் என்று பேக்கேஜ் சொல்கிறார்கள். நாங்கள் ஒடுகத்தூர் பக்கம். இந்த வயதில் ஒரே நாளில் அனுப்பலாமா? இரவு தங்காவிட்டால் இன்ஷூரன்ஸ் வருமா?
– வாசகர், அணைக்கட்டு வட்டம்

பதில்: வயதை மட்டும் வைத்து யாரும் கூடாது என்று சொல்வதில்லை. சுகர், பிரஷரும் கட்டுக்குள் இருந்தால் தடையில்லை. மூன்று மாதச் சராசரி சுகர் (HbA1c) 8.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால், அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு முதலில் அதைக் குறைப்பதே நல்லது. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குவது, சமீபத்தில் வந்த நெஞ்சுவலி, குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருவது, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, இவற்றில் எது இருந்தாலும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். அப்பாவை அவர் முன்கூட்டியே பார்க்காமல் தேதி மட்டும் கொடுத்தால், அந்த பேக்கேஜே வேண்டாம்.

இன்னொன்று. முதுகில் ஊசி போட்டுச் செய்யும் ஹெர்னியா ஆபரேஷனுக்குப் பிறகு, வயதான ஆண்களில் சிலருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். ராத்திரியில் பலமுறை எழுந்து சொட்டுச் சொட்டாகப் போகிறவரா என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். பிள்ளைகள் எதிரில் அப்பாக்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். கொஞ்ச நேரம் தனியாகப் பேசவிடுங்கள். ஆபரேஷன் முடிந்து சிறுநீர் பிரிந்த பிறகே அழைத்துப் போங்கள்.

உடம்பு தேறினாலும் வீடு தேறுமா என்று பாருங்கள். அன்றிரவு முழுக்க விவரமான ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ரத்தம் கசிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்கு வந்து சேர வேண்டும். கையில் வண்டி இருந்தால் ஒடுகத்தூரிலிருந்து அது முடியும். பீஞ்சமந்தை மாதிரி மலை மேல் வீடு என்றால், சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள்.

இன்ஷூரன்ஸ் வரும். 24 மணி நேரத்துக்குக் குறைவான இத்தகைய ஆபரேஷனை ‘டே கேர்’ என்று பாலிசி ஏற்கிறது. ஆனால் புறநோயாளி பில் போட்டால் கிடைக்காது. அட்மிஷன் போட்டுத்தான் செய்ய வேண்டும். ஹெர்னியாவுக்குப் பல பாலிசிகளில் 2 வருடக் காத்திருப்பும் உண்டு, தேதியைப் பாருங்கள்.

பேக்கேஜில் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு வரி: அன்று அனுப்ப முடியாமல் இரவு தங்க நேர்ந்தால் கூடுதலாக எவ்வளவு? அதை எழுதி வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கட்டுங்கள்.