பிறர் எண்கள்

அன்புள்ள ஐயா,

தங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். கணினித் துறையில் பணியாற்றுகிறேன். கிராபீன் ஓஎஸ் என்ற இயங்குதளத்தைப் பற்றி அண்மையில் படித்ததிலிருந்து வேறு எதிலும் மனம் செல்லவில்லை. கூகுளின் கண்காணிப்பை நீக்கிய ஆண்ட்ராய்டு அது. அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர், அங்கே தான் பயன்படுத்திய, கூகுள் தயாரிக்கும் பிக்சல் போனை ஊருக்கு வரும்போது கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். நண்பர்களோ, "மறைக்கிற அளவுக்கு உன்னிடம் என்ன இருக்கிறது?" என்று சிரிக்கிறார்கள். வங்கிச் செயலி ஓடாது என்றால் அந்தப் போனை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம் என்கிறார் மனைவி. சாமானிய மக்களுக்கு அந்தரங்க உரிமையின் அருமை புரிவதில்லை. தெரியாத எண்களின் தொல்லை அதிகம் என்பதால் அழைப்பவரின் பெயரைக் காட்டும் செயலியை மட்டும் புதிய போனிலும் வைத்துக்கொள்வேன். மற்ற அனைத்தையும் துறக்கத் தயார். இந்த முயற்சியால் பயன் உண்டா? அல்லது என் பழைய போனிலேயே லினேஜ் ஓஎஸ் போட்டுக்கொண்டால் போதுமா?

அன்புடன்,
ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் இதையே வேறொரு முனையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு போனிலும், போன் திருட்டையும் மோசடி அழைப்புகளையும் புகார் செய்வதற்கான அரசின் சஞ்சார் சாத்தி செயலி இருந்தே ஆக வேண்டும் என்று 2025 நவம்பர் இறுதியில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டதும், நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து டிசம்பர் 3 அன்று அந்தக் கட்டாயம் விலக்கிக்கொள்ளப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். எதிர்ப்பு நியாயமானது. ஆனால் அந்த வாரத்தில் அரசைக் கண்டித்து எனக்குச் செய்தி அனுப்பிய பலர், என் பெயரையும் எண்ணையும் எத்தனையோ செயலிகளுக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கிக் கொடுத்தவர்கள்.

எளியவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். நண்பர்களின் கேலிக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது, அதைக் கோருகிறவர் எதையாவது ஒளித்து வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போடவில்லை. பயன் உண்டா என்ற கேள்விக்கும் ஓரளவு விடை இருக்கிறது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டக்ளஸ் லீத் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, யாரும் தொடாமல் சும்மா கிடக்கும் ஆண்ட்ராய்டு போனும் ஐபோனும்கூடச் சராசரியாக நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை தம் நிறுவனத்தோடு பேசிக்கொண்டிருக்கின்றன. அதை நிறுத்த விரும்புவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் எந்த இயங்குதளத்தைப் போட்டாலும், சிம் உள்ளே இருக்கும்வரை நீங்கள் எந்தக் கோபுரத்துக்கு அருகில் இருக்கிறீர்கள் என்பது தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரிந்துகொண்டுதான் இருக்கும்.

லினேஜ் நல்ல திட்டம். 2016 டிசம்பரில் சயனோஜென்மாட் என்ற மாற்று ஆண்ட்ராய்டு இயங்குதளம் நின்றுபோனபோது அதன் தொடர்ச்சியாக எழுந்தது. தயாரித்தவர்களே கைவிட்ட போனுக்கு மறுவாழ்வு தருவது. ஆனால் அதைப் போட்ட பெரும்பாலான போன்களில், போனை இயக்கியதும் இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரை, அதன் பூட்டைத் திறந்தபடியே விட்டுவைக்க வேண்டியிருக்கும். போன் யார் கையிலாவது சிக்கி, உள்ளிருக்கும் மென்பொருள் மாற்றப்பட்டாலும் உங்களுக்குத் தெரியவராது. பிக்சலில் பூட்லோடரைத் திறந்து, வேறு இயங்குதளத்தை ஏற்றி, அதைச் சரிபார்க்கும் குறியீட்டையும் பதித்து, மறுபடி பூட்டிவிடலாம். கிராபீன் இதுவரை பிக்சலையே பிடித்துக்கொண்டிருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பூட்டிய பிறகு ஒவ்வொரு முறை போனை இயக்கும்போதும் மஞ்சள் எச்சரிக்கைக் குறியோடு, இதில் வேறொரு இயங்குதளம் ஏற்றப்படுகிறது என்ற வாசகமும், அதன் கீழே எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசையும் தோன்றும். பலர் அதைக் கண்டு பயந்து போனைக் கெடுத்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள். அந்த வரிசை கிராபீன் தளத்தில் வெளியிட்டிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். கூகுளிடமிருந்து தப்பக் கூகுளிடமே போன் வாங்குவதா என்று கேட்டும் எனக்குக் கடிதங்கள் வருகின்றன. வேடிக்கைதான், அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

உங்கள் மனைவி சொல்வது சரி. போனில் இருப்பது கூகுள் சான்றளித்த இயங்குதளம்தானா என்று வங்கிச் செயலிகள் பல, பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனையின் வழியாகக் கூகுளிடமே கேட்டுக்கொள்கின்றன. பல காலமாகப் பாதுகாப்புத் திருத்தம் எதையும் காணாத பழைய போன் அதில் தேறிவிடக்கூடும். எல்லாத் திருத்தங்களையும் பெற்று, பூட்டிய பூட்லோடரோடு இருக்கும் கிராபீன் போன் தோற்றுப்போகலாம். கிராபீனில் கூகுள் பிளேயைச் சிறப்பு அதிகாரம் எதுவும் இல்லாத சாதாரணச் செயலியாக நிறுவிக்கொள்ள முடியும், அப்படி நிறுவினால் பல செயலிகள் ஓடவும் செய்யும். ஆனால் உங்கள் வங்கியுடையது ஓடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இது அநீதிதான், அதை உங்கள் மனைவி செய்யவில்லை. பால்காரருக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் பணம் அனுப்புகிறவர் யார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அவராக இருந்தால் இந்த விஷயத்தில் அவர் சொல்லே இறுதியானது.

இனி, எனக்குக் கோபம் வந்த இடம். சாமானிய மக்களுக்கு அந்தரங்கத்தின் அருமை புரிவதில்லை என்று எழுதிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே அழைப்பவரின் பெயரைக் காட்டும் செயலியை வைத்துக்கொள்ளப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அத்தகைய செயலிகள் பல எப்படி இயங்குகின்றன என்பது கணினித் துறையில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. முன்பின் அறியாத ஒருவரின் பெயர் உங்கள் திரையில் தோன்ற வேண்டும் என்றால், அவரை அறிந்த யாரோ ஒருவர் தம் போனில் அவரை எந்தப் பெயரில் சேமித்து வைத்தாரோ அந்தப் பெயர், அந்தப் போனில் இருந்த மற்ற அனைவருடைய பெயர்களோடும் சேர்ந்து, ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போயிருக்க வேண்டும். தம் பெயர் அங்கே போனது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. உங்களைப் பற்றி எதுவும் வெளியே போகக் கூடாது, வருகிறவர் போகிறவர் எல்லோரைப் பற்றியும் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றால், நீங்கள் கேட்பது உரிமையை அல்ல, சலுகையை.

எங்கள் பகுதியில் பல வீடுகளில் சமையல் வேலை பார்த்துவிட்டுப் பிறகு சொந்தமாகப் பலகாரக் கடை தொடங்கிய பெண்மணி ஒருவர் இருக்கிறார். ஆர்டர் பிடிக்கக் கல்யாண வீட்டாரை அழைக்கும்போது சிலருடைய திரையில் அவர் பெயரும் வருவதில்லை, கடைப் பெயரும் வருவதில்லை. "சமையக்காரம்மா மாடி வீடு" என்று வருகிறது. என்றோ வேலை பார்த்த வீட்டில் யாரோ அவசரத்தில் சேமித்த பெயர். ஒருவர் போனை எடுத்த எடுப்பிலேயே "எந்த மாடி வீடும்மா?" என்று கேட்டிருக்கிறார். இதை அவர் என்னிடம் சொன்னது ஆறுதலுக்காக அல்ல. அந்தப் பெயரை மாற்ற எந்த அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக. உங்கள் கணக்கில் இவரும் அந்தரங்கத்தின் அருமை புரியாத சாமானியர்தான்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். ஒரு கடன் செயலியின் வசூல் ஆள் என்னை அழைத்து, எங்கள் வீட்டு இன்வெர்ட்டரைப் பழுது பார்த்துவிட்டுப் போன இளைஞனின் பெயரைச் சொல்லி, அவனுக்கு ஜாமீன் நின்றது நான்தான், பணத்தை நான்தான் கட்ட வேண்டும் என்று மிரட்டினான். நான் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அந்த இளைஞன் போனில் "எழுத்தாளர் சார்" என்று என் எண் இருந்தது, அவ்வளவுதான். மறுநாள் அவன் படத்தின் மேல் "திருடன்" என்று எழுதிய செய்தி எனக்கு வந்தது. அவனுடைய அக்கா கணவருக்கும் பழைய முதலாளிக்கும்கூடப் போயிருந்தது. அவன் வெகுகாலம் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. அவனுக்குச் சில ஆயிரம் ரூபாய் அவசரமாகத் தேவைப்பட்டிருக்கிறது; அனுமதி கேட்ட பெட்டியில் "ஆம்" என்பதை அழுத்தியிருக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இத்தகைய மிரட்டல்களால் தெலங்கானாவில் தற்கொலைகள் நிகழ்ந்து, 2020 டிசம்பரில் ஐதராபாத் போலீசார் பலரைக் கைது செய்தார்கள். தொடர்பு எண்களையும் அழைப்புப் பதிவுகளையும் கடன் செயலிகள் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் நெறிமுறை வந்தது 2022 செப்டம்பரில். கூகுள் தன் பிளே ஸ்டோரில் தனிநபர் கடன் செயலிகள் தொடர்பு எண்களைத் தொடத் தடை விதித்தது 2023 மே 31 முதல். அதற்குள் போக வேண்டிய பட்டியல்களெல்லாம் போய்விட்டன.

ஒருவருடைய சம்மதம் எத்தனை பேரை இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஃபேஸ்புக் பயனர்களின் தகவல் ஓர் அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போன கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தின்போது, 2018இல், ஃபேஸ்புக் தந்த விவரத்தின்படி சம்பந்தப்பட்ட ஆளுமைச் சோதனைச் செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் வெறும் 335 பேர். அவர்களையும் சேர்த்து, அதன் வழியாக இந்தியாவில் தகவல் கைமாறியிருக்கக் கூடியவர்கள் 5,62,455 பேர். மற்றவர்கள் செய்த ஒரே காரியம், இங்கேயோ வெளிநாட்டிலோ அந்தச் செயலியை நிறுவிய ஒருவருக்கு நண்பராக இருந்தது.

ஆகவே கிராபீனில் நான் மிகவும் மதிக்கும் வசதி, நீங்கள் குறிப்பிடாமலே விட்ட ஒன்று. சாதாரண ஆண்ட்ராய்டில் தொடர்பு எண்களுக்கு ஒரு செயலி அனுமதி கேட்டால், முழுப் பட்டியலையும் கொடுக்க வேண்டும் அல்லது மறுக்க வேண்டும்; மறுத்தால் சில செயலிகள் ஓடவே அடம்பிடிக்கும். கிராபீனில் கான்டாக்ட் ஸ்கோப்ஸ் என்று ஒரு தேர்வு உண்டு. அதைத் தேர்ந்துவிட்டால் செயலி தனக்கு அனுமதி கிடைத்ததாகவே நம்பிக்கொண்டு உள்ளே போகும், உள்ளே பட்டியல் காலியாக இருக்கும். நீங்கள் வாட்ஸாப்பில் பேசும் சிலரை மட்டும் அதற்குக் காட்டலாம். பல் மருத்துவரையும் பழைய வீட்டுக்காரரையும் காட்ட வேண்டியதில்லை. ஆப்பிள்கூட 2024இல் ஐஓஎஸ் 18இல், தேர்ந்தெடுத்த எண்களை மட்டும் தருவதற்கு வழி செய்தது. உங்கள் போனில் இருக்கும் எண்கள் உங்கள் சொத்து அல்ல. ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகும் சாவியைப் போல உங்களை நம்பித் தரப்பட்டவை. இந்த இயங்குதளத்தை நிறுவுவதில் எனக்கு நியாயமாகத் தோன்றும் காரணம் அது ஒன்றுதான். உங்களைக் காத்துக்கொள்வது இரண்டாம்பட்சம். அதுவும் முழுதாக நடக்காது. உங்கள் எண் உங்கள் நண்பர்கள் போனில் இருக்கிறதே, அவர்கள் என்ன செய்வார்கள் என்பதை உங்கள் பூட்லோடரா தீர்மானிக்கப் போகிறது?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பெயர் காட்டும் செயலியைப் பழைய போனிலிருந்தே நீக்குங்கள். செயலியை அழித்தால் மட்டும் ஏற்றிய பட்டியல் போய்விடாது என்பதால் அதற்கு முன் அதிலுள்ள கணக்கை மூடி, தரவை அழிக்கச் சொல்லிக் கேளுங்கள். விளம்பர அழைப்புகளைத் தடுக்க 1909 என்ற எண்ணில் பதிவு செய்யுங்கள், மீறி வருவதை எடுக்காமல் விடுங்கள். யுபிஐ பதிவின்போது அந்தப் போனில் இருக்கும் சிம்மிலிருந்துதான் குறுஞ்செய்தி போகும். அதனால் வங்கியில் கொடுத்த எண்ணைப் பழைய போனிலேயே விட்டு, அதை வீட்டில் வைத்துவிடலாம். பூட்லோடரைத் திறக்கும்போதும் திரும்பப் பூட்டும்போதும் போனில் உள்ளவை முழுவதும் அழிந்துபோகும் என்பதால், குழந்தைகளின் படங்களை முன்பே வேறிடத்தில் எடுத்து வையுங்கள். மைத்துனர் விமானம் ஏறுவதற்கு முன்பே அந்த பிக்சல் வெரைசன் என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்திடம் வாங்கியதா என்று கேட்டுவிடுங்கள். வெரைசன் விற்ற பிக்சல்களில் பூட்லோடரைத் திறக்க வழியில்லை. அப்படி இருந்தால் அதை அங்கேயே விற்றுவிட்டு, எந்தத் தொலைபேசி நிறுவனத்தோடும் பிணைக்கப்படாத வேறொன்றை வாங்கிவரச் சொல்லுங்கள்.