இசைக் கேள்வி பதில்: மூன்று பேர் ராக் குழு

கேள்வி: கிட்டார், பேஸ், டிரம்ஸ் என மூன்று பேர் சேர்ந்து ஹார்டு ராக் வாசிக்கிறோம். ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் மெட்டு) வரைக்கும் நன்றாகப் போகிறது. கிட்டார் சோலோ தொடங்கியதும் பாட்டு காலியாகிவிடுகிறது. ரிதம் கிட்டாருக்கு இன்னொருவரைச் சேர்த்துவிடலாமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள். சோலோவின்போது காணாமல் போவது, பவர் கார்டுகள் (மூலச் சுரமும் பஞ்சமமும் சேர்ந்த கிட்டார் அடி) நிரப்பி வைத்திருந்த நடுப்பகுதி. ஏறத்தாழ 200 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரை. அந்த இடத்தைப் பேஸ் பிடித்தால் போதும்.

பேஸுக்கு டிஸ்டார்ஷன் (கரகரப்பு) கொடுங்கள். ஆனால் கிட்டார் பெடலை அப்படியே மாட்டினால் அடித்தளமே கழன்றுவிடும். அவற்றில் பெரும்பாலானவை கீழ்ச் சுரங்களை வெட்டிவிடுகின்றன. சுத்தமான ஒலியையும் கரகரப்பையும் கலக்கும் 'பிளெண்ட்' குமிழ் உள்ள பேஸ் பெடலாகப் பார்த்து வாங்குங்கள். சுத்தமான ஒலி பாதி, கரகரப்பு பாதி என்று தொடங்கி, கிக் டிரம்மோடு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) சேர்த்துக் கேட்டுக் கூட்டிக் குறையுங்கள். ஆம்பில் (ஆம்ப்ளிஃபையர்) 700 - 800 ஹெர்ட்ஸ் பக்கம் சற்றே ஏற்றுங்கள்.

அடுத்தது விரல் வேலை. கீழ் ஃபிரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடுகள்) இரண்டு சுரத்தைச் சேர்த்து அடித்தால் குழம்பிக் கேட்கும். ஏழாவது ஃபிரெட்டுக்கு மேலே, ஏ (A), டி (D) கம்பிகளில் மூலச் சுரத்தையும் அதன் பஞ்சமத்தையும் சேர்த்து அடியுங்கள். பாட்டு ஈ (E) சுருதியில் இருந்தால் அடிக்கம்பியைத் திறந்தபடி ஒலிக்கவிட்டு, மேல் கம்பிகளில் ரிஃப்பை வாசிக்கலாம். நாதஸ்வரத்துக்கு ஒத்து நிற்பதுபோல அந்த ஈ சோலோவைத் தாங்கும்.

டிரம்மர் மூடிய ஹை-ஹாட்டிலிருந்து (காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்) ரைடுக்கோ (பெரிய ஒற்றை சிம்பல்) பாதி திறந்த ஹை-ஹாட்டுக்கோ போகட்டும். கிக் மட்டும் பேஸை விட்டு விலகக் கூடாது. கிட்டாரிஸ்ட் ஒற்றைச் சுரமாகவே ஓடிக்கொண்டிருக்காமல், ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு கார்டைத் தொட்டுவிட்டுப் போகட்டும்.

சோலோவுக்குச் சத்தத்தைக் கூட்டும் பூஸ்ட் பெடல் வைத்திருந்தால் அதை டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் மாட்டுங்கள். முன்னால் மாட்டினால் கரகரப்புதான் கூடும், சத்தம் அவ்வளவாகக் கூடாது. 3 - 4 டெசிபெல் ஏற்றம் போதும்.

இவ்வளவும் செய்து பார்த்த பிறகும் காலியாகத் தெரிந்தால் நான்காவது ஆளைப் பற்றி யோசியுங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

கேள்வி: பழைய மூவர் குழுக்கள் தங்களுக்கென்று ஒரு ஒலியை எப்படிக் கண்டுபிடித்தன?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: 1966இல் லண்டனில் இரண்டு குழுக்கள் உருவாயின. ஒன்று கிரீம். எரிக் கிளாப்டன் புளூஸ் கிட்டாரிலிருந்து வந்தார். ஜாக் புரூஸும் ஜிஞ்சர் பேக்கரும் ஜாஸ் பழகியவர்கள். புரூஸின் பேஸ் பின்னால் நிற்கவில்லை, கிட்டாருக்கு எதிர்மெட்டாக நடந்தது. பேக்கர் இரண்டு கிக் டிரம் வைத்து வாசித்தார். அதனால் மேடையில் ஒரு பாட்டைப் பத்து நிமிடத்துக்கு மேல் நீட்டியும் வெறுமை தெரியவில்லை.

மற்றொன்று ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் குழு. அதன் பேஸிஸ்ட் நோயல் ரெட்டிங் உண்மையில் கிட்டாரிஸ்ட். வேறொரு குழுவின் தேர்வுக்கு வந்தவர் கையில் பேஸைக் கொடுத்தார்கள். மிட்ச் மிட்செலின் டிரம்ஸ் ஜாஸ் பாணியில் கிட்டாரோடு பேசிக்கொண்டே போகும்.

1975இல் தொடங்கிய மோட்டார்ஹெட் குழுவின் பேஸிஸ்ட் லெம்மியும் முதலில் ரிதம் கிட்டார் வாசித்தவர்தான். பேஸில் கார்டு அடித்தார், ஆம்பின் நடுப்பகுதியைத் தூக்கிவைத்தார். கனடாவின் ரஷ் வேறு வழியில் போனது. கெடி லீ பாடிக்கொண்டே பேஸும் கீபோர்டும் வாசித்தார், கீழ்ச் சுரங்களை எழுப்பும் பேஸ் பெடல்களையும் காலால் மிதித்தார். 1974இல் நீல் பியர்ட் டிரம்ஸுக்கு வந்த பிறகே அந்தக் குழு தன் முழு உருவத்துக்கு வந்தது.

இவர்கள் எல்லோரிடமும் பேஸ் இரண்டாவது கிட்டாரின் வேலையையும் செய்தது. உங்கள் குழுவில் யார் பேஸ் எடுப்பது என்று முடிவெடுக்கும்போது இதை மனதில் வையுங்கள். சுமாராக வாசிப்பவரிடம் பேஸைத் தள்ளிவிடுவது மூவர் குழுவைத் தொடக்கத்திலேயே முடக்கிவிடும்.

கேள்வி: வீட்டில் தனியாக வாசிக்கும்போது கிட்டார் ஒலி பிரமாதமாக இருக்கிறது. குழுவோடு சேர்ந்தால் காணவே இல்லை. கெயினை (ஆம்பில் கரகரப்பைக் கூட்டும் குமிழ்) முழுதாகத் திருப்பியும் பயனில்லை.
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: கெயின்தான் காரணம். டிஸ்டார்ஷன் கூடக்கூட ஒலி அமுங்கி, பிக் (மீட்டும் சில்லு) கம்பியைத் தட்டும் கூர்மை மழுங்கிவிடும். வீட்டில் ஆம்பின் பேஸ் (கீழ்ப்பகுதி), ட்ரெபிள் (மேல்பகுதி) குமிழ்களை ஏற்றி மிட்டை (நடுப்பகுதி) குறைத்து வைத்திருப்பீர்கள். குழுவில் கீழ்ப்பகுதியைப் பேஸ் கிட்டாரும் கிக்கும் எடுத்துக்கொள்ளும், மேல்பகுதியைச் சிம்பல் மூடும். உங்களுக்கு மிஞ்சுவது நடுப்பகுதி. அதையும் நீங்களே குறைத்துவிட்டீர்கள்.

10 வரை எண் உள்ள ஆம்பில் கெயின் 4 - 5, மிட் 6 - 7, பேஸ் 3, ட்ரெபிள் 5 என்று வைத்து மூவரும் சேர்ந்து வாசித்துப் பாருங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும். குழுவோடு சேர்ந்தால் அதுவே வெட்டிக்கொண்டு வரும்.

கேள்வி: கம்பிகள் சீக்கிரம் துருப்பிடிக்கின்றன. ஆம்பிலும் ஒரே இரைச்சல்.
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: கடற்காற்றில் உள்ள உப்பும் கை வியர்வையும் சேர்ந்து செய்யும் வேலை. வாசித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியின் மேலும் கீழும் துடைத்து, சிலிக்கா ஜெல் பையோடு பெட்டிக்குள் வையுங்கள். துருவைத் தடுக்கும் பூச்சுக் கம்பிகள் விலை கூடுதல், ஆனால் கடலோரத்தில் அந்தச் செலவு தகும்.

இரைச்சலுக்கு முதலில் வீட்டு எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் சோதியுங்கள். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதென்றால் எர்த் இணைப்பையும் கிட்டாருக்குள் உள்ள ஷீல்டிங்கையும் (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) பார்க்கச் சொல்லுங்கள். மலிவான இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் உறுமினால் அதன் சதுர அலைதான் காரணம். பிளக்கின் எர்த் முனையை வெட்டி இரைச்சலை நிறுத்தும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. செய்யவே செய்யாதீர்கள், ஆம்பில் கசிவு ஏற்பட்டால் மின்சாரம் கம்பி வழியாக உங்கள் கைக்கே வரும்.

கேள்வி: ஜூன் 21 இசை நாளில் புதுச்சேரியில் முதன்முறையாக வெளியில் வாசிக்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், வில்லியனூர்

பதில்: திறந்த வெளியில் சுவர் எதிரொலி கிடையாது. அறையில் கனமாக இருந்த பேஸ் அங்கே மெலிந்துவிடும். பேஸை மேடையின் ஒலியமைப்பில் நேரடியாகக் கொடுங்கள், கிட்டார் ஆம்புக்கு மைக் வையுங்கள். மூன்று பேரும் நெருங்கி நில்லுங்கள். பேஸிஸ்ட் டிரம்மரின் ஹை-ஹாட் பக்கம், கிக் பெடலை மிதிக்கும் கால் கண்ணில் படும்படி. காற்று அடிக்கும் இடமென்றால் மைக்குக்கு ஸ்பாஞ்சு உறை, பாட்டு வரிசைத் தாளை ஒட்ட டேப், மாற்றுக் கம்பி ஒரு செட், மாற்றுக் கேபிள் இரண்டு எடுத்துப்போங்கள்.