கிராண்ட் எந்தக் கடையில் ஜெயித்தார்?

கேள்வி: அமெரிக்காவின் யுலிசஸ் கிராண்ட் விவசாயத்தில் தோற்று, விறகு விற்று, அப்பா கடையில் குமாஸ்தாவாக இருந்து, பிறகு விடாமுயற்சியால் ஜனாதிபதி ஆனார். வியாபாரத்தில் அடிபட்டுத் துவண்டிருக்கும் இளைஞர்களுக்கு அவர் கதையைப் பாடமாக வைத்தால் என்ன? (வாசகர் ஒருவர்)

பதில்: தாராளமாக வைக்கலாம். விடாமுயற்சியை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள். மனிதர் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தவர். 1854-ல் ராணுவத்தில் கேப்டன் பதவியை விட்டார். மிசௌரியில் மாமனார் குடும்பத்து நிலத்தில் உழுதார், மரம் வெட்டித் தானே வீடு கட்டினார், சில வருடங்களில் அதையும் விட்டார். செயின்ட் லூயிஸில் ரியல் எஸ்டேட் கூட்டு ஒன்று. ஒரு வருடம்கூட ஓடவில்லை. 1860-ல், 38 வயதில், நாலு பிள்ளைகளோடு இல்லினாய் மாநிலத்துக் கலீனா ஊரில் அப்பாவின் தோல் கடைக்கு வந்து சேர்ந்தார். அதுவும் தம்பிகள் நடத்திய கடை.

சோம்பேறி என்று சொல்லவில்லை. 1857-ல், அவர் மிசௌரியில் இருந்தபோது, வங்கிகள் கவிழ்ந்து விளைச்சலுக்கு விலை இல்லாமல் போயிற்று. அந்த டிசம்பர் 23 அன்று, கிறிஸ்துமஸுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, தங்கக் கடிகாரத்தை அடகு வைத்து 22 டாலர் வாங்கினார். அடுத்த வருடம் குளிர்காய்ச்சல் வந்து படுத்தார். அப்படிப்பட்ட கையிருப்பில்தான் 1859 மார்ச்சில், தன் பெயரில் இருந்த வில்லியம் ஜோன்ஸ் என்ற அடிமையை விற்காமல் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். விற்றிருந்தால் நல்ல பணம் கிடைத்திருக்கும். பாடமாக வைப்பதென்றால் நான் இதைத்தான் வைப்பேன். கூடவே, மாமனாரின் அடிமைகள் உழைப்பில் அந்தக் குடும்பம் வாழ்ந்ததையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

வியாபாரம் அவருக்கு வராது என்பது சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது. எட்டு வயதில் ஒரு குதிரைக்குட்டி வாங்கப் போனார். விற்பவரிடம் நேரே போய், ‘அப்பா முதலில் 20 டாலர் கேட்கச் சொன்னார், கொடுக்காவிட்டால் இருபத்திரண்டரை, அதற்கும் மசியாவிட்டால் 25’ என்று ஒப்பித்தார். அப்புறம் என்ன, 25 தான். கதையைச் சொன்னவர் அவரேதான்.

1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் வெடித்திராவிட்டால் கலீனாவில் சேணமும் தோலும் விற்றே வயதாகியிருப்பார். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்தவர், மெக்சிகோ போரில் படைக்கு வேண்டிய தளவாடங்களைக் கவனித்தவர். அந்தச் சரக்கு கடையில் விலைபோகவில்லை, போரில் போயிற்று. அப்போதும் கதவு உடனே திறக்கவில்லை. வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. மெக்லெல்லன் என்ற தளபதியைப் பார்க்க இரண்டு நாள் காத்திருந்து, பார்க்காமலே திரும்பினார். கடைசியில் மாநில ஆளுநர் அடங்காத ஒரு படைப்பிரிவைக் கையில் கொடுத்தார். கலீனாவின் நாடாளுமன்ற உறுப்பினர் வாஷ்பர்ன் சிபாரிசில் ஆகஸ்டுக்குள் ஜெனரல். சொந்த ஊர்க்காரர் ஒருவர் தலைநகரில் இருந்ததும் இந்த வெற்றியில் ஒரு பங்கு. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இதை மட்டும் சொல்வதே இல்லை. டோனல்சன் கோட்டை, விக்ஸ்பர்க், அப்போமாட்டக்ஸ் என்று அந்தப் போரில் கண்ட வெற்றிகள் எல்லாம் அவருடைய திறமை, அதில் சந்தேகமில்லை.

சரி, ஜனாதிபதியாக எட்டு வருடம் நாட்டை ஆண்ட பிறகாவது வியாபாரம் படிந்ததா? மகனின் கூட்டாளி ஃபெர்டினாண்ட் வார்டை நம்பி வால் ஸ்ட்ரீட் நிறுவனம் ஒன்றில் பணம் போட்டார். நிலைமை மோசமானபோது வார்டு சொன்னதைக் கேட்டு வாண்டர்பில்ட் என்ற பெரும் பணக்காரரிடம் ஒன்றரை லட்சம் டாலர் கைமாற்று வாங்கி வந்தார். 1884 மே மாதம் எல்லாம் போயிற்று. கடனுக்கு ஈடாக, போரில் கிடைத்த வாள்களையும் பரிசுகளையும் வாண்டர்பில்டிடம் ஒப்படைத்தார். பிறகு தொண்டைப் புற்றுநோயோடு நினைவுக் குறிப்புகள் எழுதினார். அதற்கும் ஒரு பத்திரிகை நிறுவனம் நீட்டிய பத்து சதவீத ராயல்டிக்கு ஒப்புக்கொள்ளப் பார்த்தார். எழுத்தாளர் மார்க் ட்வைன் குறுக்கே வந்து தானே பதிப்பிக்க எடுத்துக்கொண்டு, நிகர லாபத்தில் எழுபது சதவீதம் தந்தார். அதனால்தான் கிராண்ட் இறந்த மறுவருடம் மனைவி ஜூலியாவுக்குக் கிடைத்த முதல் காசோலையே 2 லட்சம் டாலர்.