உடற்கட்டு வேட்கையை அளத்தல்: கேள்வி பதில்

கீழக்கரை, உளவியல் மாணவர்: ஐயா, உடற்கட்டு குறித்த ஆண்களின் மனப்பான்மையை எதைக் கொண்டு அளப்பது?

பரவலாகக் கையாளப்படுவது, மெக்கிரியரி, சாஸ் என்ற ஆய்வாளர்கள் 2000-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட உடற்கட்டு வேட்கை அளவுகோல். அதில் 15 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 'எப்போதும்' முதல் 'ஒருபோதும் இல்லை' வரை ஆறு விடைகள். ஆண்களிடம் அது இரு கூறாகப் பிரிகிறது: இன்னும் கட்டான உடம்பு வேண்டும் என்ற மனக்குறை ஒன்று, அதற்காக எடை தூக்குவது, புரதப் பவுடர் குடிப்பது போன்ற செயல்கள் மற்றொன்று. மூலப் படிவத்தில் 'எப்போதும்' என்பதற்கு 1, 'ஒருபோதும் இல்லை' என்பதற்கு 6 என்று இருப்பதால், எண்களைத் திருப்பிய பிறகே (1-ஐ 6 ஆக, 2-ஐ 5 ஆக என்று) கூட்டுங்கள்; அப்போதுதான் அதிக மதிப்பெண் அதிக வேட்கையைக் குறிக்கும். மறந்தால் முடிவு முழுவதும் தலைகீழாகிவிடும். கொழுப்பு, உயரம் பற்றிய மனக்குறையும் தேவையெனில், டைல்காவும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் உருவாக்கிய 24 கூற்றுகள் கொண்ட அளவுகோல் பொருந்தும்.

தங்கச்சிமடம், ஆசிரியை: அப்படியே தமிழாக்கிக் கொடுத்தால் போதாதா?

போதாது. என் முதல் வரைவில் ஒரு கூற்றில் 'சதை' என்று எழுதியிருந்தேன். உங்கள் ஊரில் படிவத்தை வாங்கிய இளைஞர் ஒருவர் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, மறுகையால் தம் வயிற்று மடிப்பைப் பிடித்துக் காட்டி, "இது இன்னும் வேணுமான்னா கேக்குறீங்க?" என்றார். 'சதை போட்டுட்டான்' என்றால் நம் பேச்சில் பருத்துவிட்டான் என்றுதான் பொருள். 'தசை'யோ பாடநூலோடு நின்றுவிட்ட சொல். 'கட்டான உடம்பு' என்று மாற்றிய பிறகுதான் விடைகள் ஒழுங்காக வந்தன.

பாம்பன், நாட்டுப்படகு மீனவர்: ஜிம் பக்கமே போகாத எங்களை இது எப்படி அளக்கும், ஐயா?

தவறாகவே அளக்கும், இதை அழுத்திச் சொல்கிறேன். எடைப்பயிற்சியைத் தவறவிட்டால் குற்ற உணர்வு வருகிறதா என்று கேட்டால், கரைவலை இழுத்தே தோள் திரண்ட ஒருவர் 'ஒருபோதும் இல்லை' என்றுதான் குறிப்பார்; உடனே அவருடைய மொத்த மதிப்பெண் இறங்கிவிடும். ஆனால் அதே மனிதர், கைப்பேசியில் பார்க்கும் உடம்புகளோடு தம்மை ஒப்பிட்டு, 'நான் நோஞ்சான்' என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருக்கக்கூடும். ஆகவே இந்தக் கரையில் மனக்குறை மதிப்பெண்ணையும் செயல் மதிப்பெண்ணையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. தொழிலில் உடல் படும் பாட்டைத் தனியாகக் கேட்க வேண்டும். மொத்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நகரத்துக் கல்லூரி மாணவர்களோடு ஒப்பிடுவது நியாயமே அல்ல.

தொண்டி, ஆய்வு மாணவர்: மீன்பிடித் தடைக்காலத்தில் கணக்கெடுக்கலாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பதால் ஆட்கள் எளிதில் கிடைப்பர். ஆனால் அப்போது அவர்களுடைய உழைப்பும் வருமானமும் வேறு. தொழில் தொடங்கிய பின் மறுமுறையும் கேளுங்கள்.

இராமநாதபுரம், ஒரு தாய்: என் மகனுக்கு மதிப்பெண் அதிகமாக வந்திருக்கிறது. இது நோயா?

இல்லை அம்மா. இந்த எண் வேட்கையின் அளவைத்தான் சொல்லும், நோயைத் தீர்மானிக்காது. போப்பும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் விவரித்த தசைத் திரிபுணர்வு என்ற நிலை, 2013-இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டில் உடல் திரிபுணர்வுக் கோளாற்றின் (தன் தோற்றத்தில் குறை இருப்பதாகவே ஓயாமல் எண்ணி வாடும் நோய்) ஒரு வகையாக இடம்பெற்றுள்ளது. உடம்பு திடமாக இருந்தும் தான் மெலிந்திருப்பதாகவே நம்பி, அந்த நினைப்பால் அன்றாட வாழ்வு குலைவது தசைத் திரிபுணர்வின் அடையாளம். படிப்பையும் நண்பர்களையும் விலக்குகிறாரா, வெயிலிலும் உடம்பை மறைக்கத் தடித்த சட்டை போடுகிறாரா, ஊசியோ மாத்திரையோ எடுக்கிறாரா என்று கவனியுங்கள். இருந்தால் திட்டாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.