அவசர அழைப்புகள்: எங்கே, எப்போது, ஏன்? வாசகர் கேள்வி-பதில்

அவசர அழைப்புகளைக் காட்டும் வரைபடத்தில், நாங்கள் வீடு பார்த்திருக்கும் புறநகர்ப் பகுதி மட்டும் அடர் சிவப்பாக இருக்கிறது. வாங்கலாமா, வேண்டாமா?

அந்தச் சிவப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். இத்தகைய வரைபடங்களில் பெரும்பாலானவை வெறும் எண்ணிக்கையைத்தான் காட்டும். ஆள் அதிகம் இருக்கும் இடத்தில் அழைப்பும் அதிகம், அவ்வளவுதான். ஒரு முதியோர் இல்லம் இருந்தாலே போதும்: கட்டிலிலிருந்து விழுந்தவரைத் தூக்கிவிட, மூச்சுத்திணறலுக்கு என்று ஒரே முகவரியிலிருந்து மாதம் முழுக்க அழைப்பு வரும். நெடுஞ்சாலைச் சந்திப்பும் அப்படித்தான். அங்கே மோதிக்கொள்பவர்கள் அந்தப் பகுதிக்காரர்களாகக்கூட இருக்க மாட்டார்கள். ஆயிரம் பேருக்கு எத்தனை அழைப்பு, அவை என்ன வகை என்று கேளுங்கள். தீ அலாரம் சும்மா அடித்ததும் வீடு பற்றி எரிந்ததும் வரைபடத்தில் ஒரே அளவுப் புள்ளிதான்.

இன்னொன்று. போலீஸ் மேல் நம்பிக்கை இல்லாதவர்கள், ஆம்புலன்ஸ் செலவுக்குப் பயப்படுபவர்கள், மொழி தெரியாதவர்கள் அழைக்காமலே இருந்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், ஜன நெருக்கடி இருந்தும் வெளிறிக் கிடக்கும் பகுதியைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

ராத்திரியில்தானே அழைப்பு அதிகம் வரும்?

சைரன் ராத்திரியில் நன்றாகக் கேட்கும், அதனால் அப்படித் தோன்றுகிறது. மொத்த அழைப்புகள் விடியலுக்கு முந்தைய சில மணி நேரத்தில்தான் அடிமட்டத்தில் இருக்கும். காலையில் ஏறத் தொடங்கி, பிற்பகலிலும் மாலையிலும் உச்சத்தில் நின்று, பிறகு இறங்கும். ஆனால் ஒவ்வொரு வகைக்கும் தனி நேரம் உண்டு. மாரடைப்பு காலையில் கூடும், சமையலறைத் தீ இரவுச் சமையல் நேரத்தில் கூடும். வீட்டுத் தீயில் உயிரிழப்பு என்று பார்த்தால் மட்டும் எல்லோரும் தூங்கும் நேரம் முன்னால் வந்துவிடும். புறநகரில் இன்னொரு கணக்கும் சேரும்: வேலைக்குப் போகிறவர்கள் பகலில் வெளியேறிவிட, மிஞ்சுபவர்களில் முதியவர்களும் குழந்தைகளும் அதிகம். அழைப்புகளின் முகமும் அதற்கேற்ப மாறும்.

மயங்கி விழுந்தவருக்கு ஆம்புலன்ஸ் கேட்டால் தீயணைப்பு வண்டி வருகிறதே?

பக்கத்தில் இருப்பது அதுவாக இருக்கும். இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியோ மின்னதிர்ச்சியோ கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும், பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அமெரிக்கத் தீயணைப்புத் துறைகளுக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கும் மேல் மருத்துவ அழைப்புகளே. தீ என்பது அதில் சிறு பங்குதான்.

தீயணைப்பு நிலையங்களை இரண்டு மடங்காக்கினால் வண்டி பாதி நேரத்தில் வருமா?

வராது. நியூயார்க் தீயணைப்பு நிலையங்களை ஆராய்ந்த கோல்சரும் பிளம்மும் 1973-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு வர்க்கமூல விதி இருக்கிறது: நிலையங்கள் எத்தனை மடங்கு கூடுகின்றனவோ, அதன் வர்க்கமூலத்தின் அளவுக்குத்தான் தூரம் குறையும். நிலையங்கள் இரட்டிப்பானால் சராசரி தூரம் சுமார் 30 சதவீதம்தான் குறையும். பாதியாக்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு நிலையங்கள் வேண்டும். அப்புறம், பக்கத்து நிலையத்தின் வண்டி வேறொரு அழைப்புக்குப் போயிருந்தால் அந்தத் தூரக் கணக்கே செல்லாது. அதனால் சராசரியைச் சொல்லி ஒரு நகராட்சி பெருமைப்பட்டால், பத்தில் ஒன்பது அழைப்புகளுக்கு எத்தனை நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்தீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். தவித்துப்போனவர்களின் கதை சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும்.

எங்கள் சந்திப்பில் ஒரே வாரத்தில் மூன்று விபத்து. ஏதோ கோளாறு இருக்கிறதா?

இருக்கலாம், ஆனால் இது மட்டும் சான்றாகாது. வாரத்துக்குச் சராசரியாக ஒரு விபத்து நடக்கும் இடத்தில், வெறும் தற்செயலாகவே ஆண்டுக்குச் சுமார் நான்கு வாரங்களில் மூன்றோ அதற்கு மேலோ வரும். இரண்டு மூன்று ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். எல்லாம் ஒரே திசையில் திரும்பும்போதே நடந்திருந்தால் புகார் கொடுங்கள்.

சட்டைப்பையில் இருந்த போன் தானாக அவசர எண்ணை அழைத்துவிட்டது. உடனே துண்டித்துவிட்டேன். சரிதானே?

துண்டிக்கக் கூடாது. பேசி, தவறுதலாக வந்துவிட்டது என்று சொல்லுங்கள். மௌனமாகத் துண்டித்தால், ஆபத்தில் இருப்பவரோ என்று அவர்கள் திரும்ப அழைத்துக்கொண்டிருப்பார்கள். 2023-இல் பிரிட்டனில் இப்படி மௌன அழைப்புகள் குவிந்தபோது, பவர் பட்டனை ஐந்து முறை அழுத்தினால் அவசர எண்ணுக்குப் போகும் ஆண்ட்ராய்டு வசதியைப் போலீஸார் காரணமாகக் காட்டினார்கள். உங்கள் போனிலும் அது இருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள்.